மவுண்ட் ஈடனில் கூறைச்சேலை

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு அனுப்பும் படங்களைப் போல வாய்கூசாமல் பொய் சொல்வது வேறெதுவும் இல்லை. யாரோ ஒருவரின் காரில் சாய்ந்து நிற்போம். பின்னால் யாரோ ஒருவரின் வீடு தெரியும். நான் ஒருபடி மேலே போனவன். ஒரே நாளில் ஒரு வருடத்துச் சந்தோஷத்தைப் படம் பிடிக்கப் பார்த்தேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. வதனி கல்யாணமாகி ஒக்லாந்து வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. போரினால் யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி கிடையாது. அவளுடைய அம்மா ஊரைவிட்டு வெளியேற அனுமதிப் பாஸ் எடுத்து, படகும் லொறியும் மாறிக் கொழும்புக்கு வந்திருந்தார். மறுநாள் திரும்பிப் போய்விடுவார். அன்று எங்கள் நேரம் மாலை ஆறு மணிக்கு அங்கே ஒரு கடையிலிருந்து எங்கள் பாபடோயிட்டோய் வீட்டுக்கு அழைப்பு எடுப்பதாக ஏற்பாடு.

"ஆறு மணிக்கு முதல் வீட்ட நிக்கவேணும். எனக்கு வேற ஒண்டும் வேண்டாம்" என்றாள் வதனி.

நாலு மணிக்கே வந்துவிடலாம் என்றேன். பக்கத்து வீட்டுச் செல்வம் அண்ணையிடம் காரை இரவல் வாங்கி, பின்சீற்றில் மூன்று சேலைகளை ஏற்றினேன். இடத்துக்கொரு சேலை மாற்றினால், மருமகன் கிழமைக்குக் கிழமை மகளை ஊர் சுற்றிக் காட்டுகிறான் என்று மாமி நினைப்பார் அல்லவா? (இந்த மூளையை வைத்துத்தான் பொறியியல் படித்தேன்.)

துறைமுகத்தில் ஒன்று. பொதுக் கழிப்பறையில் மாற்றிக்கொண்டு மியூசியப் படிகளில் இன்னொன்று. நான் எரிமலைகளைப் பற்றி மூச்சுவிடாமல் விளக்கிக்கொண்டிருந்தேன். சிரியும் என்றால், "சிரிச்சுக்கொண்டுதான் நிக்கிறன்" என்றாள். அவள் கண் என் கைக்கடிகாரத்தில் இருந்தது.

போதும், போவோம் என்றாள். மவுண்ட் ஈடன் எரிமலை போகிற வழிதானே என்றேன் நான்.

மலையுச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. சரிவில் மாடுகள் மேய்ந்தன. வதனி காருக்குள் குனிந்து நெளிந்து கூறைச்சேலைக்கு மாற, நான் முதுகைக் காட்டிக் காவல் நின்றேன். அவள் இறங்கியதும் என் வித்துவம் பொங்கியது. "இந்தக் கார்க் கதவைத் திறப்பில்லாமலே பூட்டலாம், பாரும்" என்று கைப்பிடியைத் தூக்கிப் பிடித்து, பட்டனை அழுத்தி, சாத்திக் காட்டினேன். அழகாகப் பூட்டிக்கொண்டது. மற்றக் கதவுகளை அவள் சேலை மாற்றும்போதே பூட்டியாயிற்று. கண்ணாடிக்கு அப்பால் சாவிக்கொத்து ஆடிக்கொண்டிருந்தது. அவளுடைய கோட்டும் உள்ளேதான்.

அந்த நேரம் பார்த்து ஒரு சுற்றுலா பஸ் வந்தது. எரிமலை பார்க்க வந்தவர்களுக்கு, கூறைச்சேலையில் நடுங்கும் ஒரு மணப்பெண்ணும், கண்ணாடி இடுக்கில் புல்லை நுழைத்துப் பார்க்கும் ஒரு மாப்பிள்ளையும் கிடைத்தார்கள். எரிமலையை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எங்களோடு நின்று படமெடுக்க வரிசை கட்டினார்கள். சாரதி மலைபோன்ற ஒரு சமோவாக்காரர். கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் என்னைப் பார்த்தார். உங்கள் வீட்டு வழியாக விமான நிலையத்துக்குத்தான் போகிறோம், ஏறுங்கள் என்றார். முதலில் அழைப்பு, பிறகு கார் என்று முடிவெடுத்தேன். அன்று நான் எடுத்த ஒரே புத்திசாலித்தனமான முடிவு அது. வீட்டு வாசல் வரைக்கும்.

ஆறு மணிக்குச் சற்று முன்பே இறங்கிவிட்டோம். வதனி ஓடிப்போய்க் கதவடியில் நின்று கையை நீட்டினாள்.

"திறப்பைத் தாங்கோ."

தொலைந்துவிடக் கூடாதென்று வீட்டுத் திறப்பையும் காலையில் அந்தக் கார்ச் சாவிக்கொத்திலேயே கோர்த்திருந்தேன்.

"காருக்குள்ள" என்றேன்.

உள்ளே தொலைபேசி அடித்தது.

ஜன்னல் ஜன்னலாக ஓடினேன். மணி நின்றது. மறுபடி அடித்தது. வதனி ஒரு கல்லைத் தூக்கிக் குளியலறை ஜன்னல் கண்ணாடியை உடைத்தாள். நான் தலையை நுழைத்து, இடுப்பில் இறுகி, பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாகக் கிடந்தேன். என் பின்னால் அவள் சுவரோடு கதைத்துக்கொண்டிருந்தாள்: "வைச்சிடாதேங்கோ அம்மா. வாறன், வைச்சிடாதேங்கோ."

ஒருவழியாகக் குளியல் தொட்டிக்குள் விழுந்து, எழுந்து ஓடி எடுத்தேன். ரீங்காரம் மட்டும் கேட்டது. அதன் பிறகு அது அடிக்கவில்லை. நான் கதவைத் திறந்துவிட, வதனி கூறைச்சேலையோடு வந்து அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். தாயின் குரலை அவள் கேட்க ஒரு வருடத்துக்கு மேலாயிற்று.

அன்றிலிருந்து வீட்டுத் திறப்பு வதனியின் தாலிக்கொடியில் ஊசி குத்தித் தொங்குகிறது. வீட்டுக்கு வருபவர்கள் காரணம் கேட்பார்கள். கதையை அவளே சொல்வாள். ஜன்னலில் நான் கால் உதைத்ததை நடித்துக் காட்டும்போது வீடே சிரித்து உருளும். ஒருமுறை மகள், சிரிப்பை அடக்க மாட்டாமல், அந்த நேரம் போனில் அழைத்தது யார் என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"ரோங் நம்பர்" என்றுவிட்டு, வதனி தேத்தண்ணி போட எழுந்து போனாள்.