நாற்காலி ஜாதகம்

உயிரே போனாலும் அந்த நாற்காலியை விடுவதில்லை என்று, பல் தேய்த்துக்கொண்டே ஒரு சபதம் எடுத்தேன். வாயில் நுரை இருந்ததால் சபதம் வெளியே கேட்கவில்லை. அதுவும் நல்லதற்குத்தான்.

காரணம், என் மனைவி முதல் நாள் சாப்பாட்டு மேஜையில் போட்ட குண்டு.

"ஞாயித்துக்கிழமை பழைய சாமான்காரர் வர்றார். அந்த நாற்காலியைத் தூக்கிக் குடுத்துடப் போறேன்."

"எது, என் நாற்காலியா?"

"ஆமா. உட்கார்ந்தா உங்க முட்டி ரெண்டும் தாடையில இடிக்குதே, அதேதான்."

இடிப்பது உண்மைதான். நான் நெட்டை, அது குட்டை. சாய்மானம் உண்டு, மெத்தை உண்டு, கை மட்டும் கிடையாது. ஆனால் அப்பா ஏலத்தில் எடுத்துத் தலையில் சுமந்து கொண்டுவந்தது. அவர் அதில் சாய்ந்து பேப்பர் படித்தால் வீடே மூச்சு விடாது. அவருக்குப் பிறகு நான் உட்கார்ந்தேன். வீடு தாராளமாக மூச்சு விட்டது. ஆனாலும் உட்கார்ந்தேன். என் பையன் கைக்குழந்தையாக இருந்தபோது, அதில் உட்கார்ந்து மடியில் போட்டுக்கொண்டால்தான் அழுகையை நிறுத்துவான். உங்களிடம் மட்டும் சொல்கிறேன்: இந்த வீட்டில் என்னுடையது என்று எல்லாரும் ஒப்புக்கொண்ட பொருள் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் அவளுடையது, என்னையும் சேர்த்து.

எனவே திட்டம் போட்டேன். நாற்காலி புராதனமானது என்று நிரூபித்துவிட்டால் யார் தூக்கிப் போடுவார்கள்? நூலகத்தில் தடிப் புத்தகம் ஒன்றை எடுத்துவந்தேன். டார்ச்சோடு நாற்காலிக்கு அடியில் மல்லாந்து படுத்தேன்.

"என்னங்க, அங்கேயே குடித்தனமா?"

"ஆராய்ச்சி நடக்குது."

"அப்படியே அந்த ஒட்டடையையும் ஆராய்ஞ்சு எடுத்துடுங்க."

எடுத்தேன். பக்கத்துத் தெருவில் பழைய மரச்சாமான் கடை வைத்திருப்பவரையும் கையோடு கூட்டி வந்தேன். எங்கள் பக்கத்தில் அவரை விட்டால் விஷயம் தெரிந்த ஆள் கிடையாது.

"யாருங்க இவர்?" என்றாள் மனைவி.

"நிபுணர். நீ பேசாம நின்னு கேளு." தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். "முதுகுல பாருங்க, குழி குழியா அமுக்கித் தைச்ச பட்டன். முன்னங்கால் கடைசல் வேலை. காலுக்கடியில பீங்கான் சக்கரம். உள்ளே ஸ்பிரிங்கை எல்லாம் சணல் கயித்தால கையால கட்டியிருக்கு. மெத்தைக்குள்ள குதிரை முடி!"

கடைக்காரர் மெத்தையைத் தட்டினார், கவிழ்த்தார், முகர்ந்தும் பார்த்தார்.

"சார் சொன்னது அத்தனையும் சரி. விக்டோரியா ராணி காலத்துச் சாமான். நூறு வயசு எப்பவோ தாண்டியாச்சு."

"கேட்டியா?" என்றேன். மார்பு விரிந்து சட்டைப் பட்டன் திணறியது.

"கேட்டேங்க." குரலில் அப்படி ஒரு பணிவு. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். "ஒரே ஒரு சந்தேகம்ண்ணே. இதுக்கு ஏன் கையே இல்ல? ஏன் இவ்வளவு குட்டை?"

"அந்தக் காலத்துல ஜோடியாச் செய்வாங்கம்மா. உயரமா, கை வச்சது வீட்டு ஐயாவுக்கு. தாழ்வா, கையில்லாதது அம்மாவுக்கு. அவங்க பாவாடை குடை மாதிரி விரியும், கை இருந்தா இடிக்கும்ல? இது அம்மா நாற்காலி."

அடக் கடவுளே! அப்பாவும் மகனுமாக இத்தனை காலம் ஓர் அம்மா நாற்காலியில் உட்கார்ந்தா அதிகாரம் பண்ணியிருக்கிறோம்?

"ஐயையோ, இது தெரியாம தூக்கிப் போடப் பாத்தேனே! நல்லவேளை, நீங்க காப்பாத்திட்டீங்க" என்றபடி அவள் போய் உட்கார்ந்தாள். பாதம் இரண்டும் தரையில் பதிந்தன. முட்டி எங்கேயும் இடிக்கவில்லை. அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்தினாள்.

கல்யாணமான புதிதில் எடுத்த படத்தில் அதே நாற்காலியில் நான் உட்கார்ந்திருப்பேன், அவள் பக்கத்தில் நின்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பு இப்போது மறுபடி வந்தது. கன்னத்தில் விழும் குழியைக்கூட மறந்து போயிருந்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது, பொய் சொல்லவில்லை. பாதி அவளுக்காக, பாதி நாற்காலிக்காக.

கடைக்காரரை வாசல் வரை கொண்டுபோய் விட்டேன்.

"ஏன்ணே, அந்த ஜோடி விஷயத்தை என்கிட்ட மட்டும் தனியாச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"தனியாச் சொல்லி என்ன சார் பிரயோஜனம்? போன வாரமே அம்மா கடைக்கு வந்து எல்லாத்தையும் கேட்டுட்டுப் போயிட்டாங்க. 'நான் சொன்னா அவர் எழுந்திருக்க மாட்டார். தூக்கிப் போடுறேன்னு மிரட்டுறேன், அவரே உங்களைக் கூட்டிட்டு வருவார்'னாங்க. நீங்கதான் சார் ரெண்டு நாள் லேட்டு."