நாற்பது மடங்கு வெளிச்சம்

மக்கள் நலனைக் கருத்தில் கொண்டு பிரிக்பீல்ட்ஸில் தொடங்கப்பட்ட ஓர் ஆராய்ச்சி நிலையத்தில், டாக்டர் கிளாரிசா இரண்டு வருடமாக ஈரல் செல்களை வளர்த்துக்கொண்டிருந்தாள். லேசுப்பட்ட செல்கள் இல்லை. மனித ஈரலில், செல்லின் உட்கருவுக்குள் ஓர் ஏற்பி உண்டு. கொண்டோ வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருக்கும் ஜாகா மாதிரி. வேண்டாத சரக்கு உள்ளே வந்தால் விழித்துக்கொண்டு, "எல்லாத்தையும் வெளியே தள்ளு" என்று ஈரலுக்கு உத்தரவு போடும். அந்த ஏற்பியின் மரபணுவையும் மின்மினிப்பூச்சியின் மரபணு ஒன்றையும் கிளாரிசா செல்லுக்குள் நிரந்தரமாக நுழைத்திருந்தாள். ஏற்பி விழித்தால் செல் ஒளிரும். நூறு தலைமுறை பெருகினாலும் அந்தப் பழக்கம் போகாது.

செல்கள் நிரந்தரம். அவளுடைய வேலை டிசம்பர் வரைக்கும்தான்.

இயக்குநர் டத்தோ சுகுமாறன் கூப்பிட்டுப் பக்குவமாகச் சொன்னார். "உன் செல்லு நல்ல செல்லுதான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா கே.பி.ஐ. இலக்குல தொழில்துறைக் கூட்டாளி ஒன்னுகூட இல்லையே லா. ஒன்னே ஒன்னு காட்டு, ரெண்டு வருஷம் நீட்டிச்சிடலாம்."

கூட்டாளி தானாகவே வந்து சேர்ந்தார். கிள்ளானில் 'தங்கமேனி டானிக்' விற்கும் தம்புசாமி. லேபிளில் மைக்ரோஸ்கோப் படம் இல்லாத டானிக்கை இப்போதெல்லாம் யாரும் சீண்டுவதில்லை. எதிர்க்கடைக்காரர் இரண்டு மைக்ரோஸ்கோப் போட்டுவிட்டார் என்ற வயிற்றெரிச்சலில் வந்திருந்தார்.

கிளாரிசா செல் தட்டின் ஒரு குழியில் டானிக் ஒரு சொட்டு விட்டாள். ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்துக் குழியில் தண்ணீர். மறுநாள் இருவரும் திரையைப் பார்த்தார்கள்.

"நாப்பது மடங்கு வெளிச்சம்," என்றாள் கிளாரிசா.

தம்புசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்க அப்பாவோட ஃபார்முலா, டாக்டர்."

"அங்கிள், இது அலாரம். உங்க டானிக் உள்ள போனா ஈரல் மத்த மருந்தையும் சேத்து வெளியே தள்ளிடும். பிரஷர் மாத்திரை போடுறவங்களுக்கு மாத்திரையே வேலை செய்யாது."

"மாத்திரையையே தள்ளுற அளவுக்குப் பவர்னு சொல்றீங்க."

"அப்படி இல்ல அங்கிள்."

"பக்கத்துல ஒன்னு இருண்டு கிடக்கே, அது யாரோட டானிக்கு?"

"அது தண்ணி."

"பாத்தீங்களா," என்றார் தம்புசாமி.

டத்தோவிடம் போனாள். அவர் பொறுமையாகக் கே.பி.ஐ. படிவத்தைத் திருப்பிக் காட்டினார். அதில் 'பலன், விழுக்காட்டில்' என்று ஒரு கட்டம் இருந்தது. ஆபத்துக்குக் கட்டம் இல்லை.

"ஓரத்துல எழுதட்டுமா டத்தோ?"

"ஓரத்துல எழுதினா சிஸ்டம் ஏத்துக்காதும்மா."

கிளாரிசாவுக்கு வெட்கமாக இருந்தது. டிசம்பர் கண்முன் வந்து நின்றதும் பயமாகவும் இருந்தது. நாலாயிரம் விழுக்காடு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அதன் பிறகு காரியங்கள் மளமளவென்று நடந்தன. பத்து மடங்குக்கு மேல் ஒளிரும் பொருள்களுக்கு 'ஒளி முத்திரை' வழங்க நிலையம் தீர்மானித்தது. வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்காரர்கள் ரசத்தைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். இரண்டு முறை வாய்ப்பளித்தும் குடிநீர் தேறவில்லை. 'நிர்ணயிக்கப்பட்ட தரத்தை எட்டத் தவறியமையால், மறு அறிவிப்பு வரும்வரை நிலைய உணவகத்தில் குடிநீர் வழங்கப்படமாட்டாது' என்று சுற்றறிக்கை வந்தது. ஊழியர்கள் ரசம் குடித்தார்கள். கிளாரிசா மூன்று ஆட்சேபக் கடிதம் எழுதினாள். தங்களது ஆக்கப்பூர்வமான கருத்து பரிசீலனையில் உள்ளது என்று மூன்று பதில் வந்தது.

பிரஷர் மாத்திரை போட்டுக்கொண்டிருந்த டத்தோவும் டானிக் குடித்தார். ஒரு மாதத்தில் பிரஷர் நூற்றுத் தொண்ணூறுக்கு ஏறி ஆஸ்பத்திரியில் நான்கு நாள் படுத்துவிட்டு வந்தார். இனியாவது புத்தி வரும் என்று கிளாரிசா நம்பினாள்.

"நீ சொன்னது சரிதான்," என்றார் அவர். "மாத்திரை வேலை செய்யல. அந்த மாத்திரைய உன் செல்லுல போட்டுப் பாத்தியா?"

"பாத்தேன் டத்தோ. வெளிச்சம் வரல. வராம இருக்கிறதுதான் நல்ல..."

"அதானே பாத்தேன்," என்று டத்தோ மாத்திரையை நிறுத்திவிட்டார்.

கிளாரிசாவின் ஒப்பந்தம் இரண்டு வருடத்துக்கு நீட்டிக்கப்பட்டது. பாட்டிலில் வெள்ளைக் கோட்டுடன் அவள் படமும் கையெழுத்தும் ஏறின. எதிர்க்கடைக்காரர் மைக்ரோஸ்கோப்புகளைக் கழற்றிவிட்டு, படத்துக்கு ஒரு டாக்டரைத் தேடினார்.

அந்தச் சனிக்கிழமை கொமுட்டர் ரயிலேறிக் கிள்ளான் வீட்டுக்குப் போனாள். அவளுடைய அம்மா உர்சுலா, பிரஷர் மாத்திரையை விழுங்கிவிட்டு டானிக்கை மூடியில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"மம்மி, அதைக் குடிக்காதீங்க."

உர்சுலா பாட்டிலைத் திருப்பிப் பார்த்தார். "இது உன் கையெழுத்துதானே?"

"ஆமா."

"உன் படம் இருக்குன்னு சர்ச்சுல பன்னெண்டு பேருக்கு நானே வாங்கிக் குடுத்தேன். எல்லாம் பிரஷர்காரங்க. ஊருக்கெல்லாம் நல்லதுன்னு கையெழுத்துப் போட்டிருக்க, பெத்தவளுக்கு மட்டும் ஆகாதா?"

கிளாரிசா பாட்டிலைப் பிடுங்கி சிங்க்கில் கொட்டினாள். மூடியில் இருந்ததையும் கொட்டினாள். அம்மா இனி அதைத் தொடமாட்டேன் என்று பைபிள்மேல் சத்தியம் செய்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு, அடுத்த ஐயாயிரம் லேபிளுக்குக் கையெழுத்துப் போட்டாள்.