சோபாவுக்குள் உருண்டது

சோபாவை நகர்த்தியதும் உள்ளே ஏதோ உருண்டது. சோபாக்காரன் குனிந்து அதில் காதை வைத்தான்.

ஊருக்கெல்லாம் சோபா தைப்பவன் அவன். குடித்த காலத்தில் பாட்டிலைப் பஞ்சுக்குள் வைத்துத் தைத்துவிடுவான். தையல் அத்தனை நேர்த்தி. காலையில் அவனுக்கே இடம் தெரியாது. இப்போது அவன் குடியை விட்டாகிவிட்டது. சோபாதான் இன்னும் விடவில்லை.

மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள் மாலையில் தன் அக்காவோடு வீடு பார்க்க வருகிறாள். பிடித்தால் கல்யாணம். அவனுடைய பழைய கதை முழுக்கக் கேட்டுவிட்டு அவள் சொன்னது ஒன்றுதான்.

"வீட்டுக்குள்ள ஒரு பாட்டில் இருந்தாலும் வாசலோட திரும்பிடுவேன்."

அடித்துணியைக் கிழித்துக் கையை விட்டு இழுத்தான். பாட்டில் மரச்சட்டத்தில் மோதி உள்ளேயே உடைந்தது. பஞ்சு ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தது.

வாடை வீட்டைத் தூக்கியது. பினாயில் ஊற்றினான். ஆஸ்பத்திரியில் யாரோ விருந்து வைத்தது போலாயிற்று. சென்ட் அடித்தான். அந்த விருந்துக்கு ஒரு மணப்பெண்ணும் வந்து சேர்ந்த மாதிரி இருந்தது.

கடைக் கூட்டாளிக்குப் போன் போட்டான்.

"அண்ணே, வேலை முடிஞ்ச சோபா ஏதாவது கடையில இருக்கா? கொண்டுவந்து போட்டுட்டு இந்தச் சனியன ஏத்திட்டுப் போங்க."

"ஒண்ணு இருக்கு. நீ லீவுல இருந்தப்ப வந்தது. நாளைக்குத் திருப்பிக் குடுக்கணும், பத்திரம்டா."

"உள்ள பிரிச்சுப் பார்த்தீங்களா?"

"எதுக்குப் பிரிக்கணும்? பழைய துணி மேலயே புதுசை இழுத்து ஆணி அடிச்சுட்டேன். தகதகன்னு இருக்கு!"

சோபா மாறியது. ஜன்னல்களைத் திறந்து வைத்தான். சாராய வாடை ஒருவழியாக வெளியேறவும் அவர்கள் உள்ளே வரவும் சரியாக இருந்தது.

"பினாயில் வாசம் தூக்குதே," என்றாள் அவள்.

"சுத்தம்னா எனக்கு உசிருங்க."

அக்கா குனிந்து சோபாக் காலைத் தடவினாள். "இதென்ன தம்பி, கடிச்ச தடம்?"

"டிசைனுங்க."

தங்கை சிரித்துக்கொண்டே தொப்பென்று உட்கார்ந்தாள். அடியில் டங்கென்று ஒரு சத்தம். துணி பிரிந்து, பாதி நிறைந்த பாட்டில் ஒன்று உருண்டு வந்து அவள் காலடியில் நின்றது.

அவள் முகம் வெளுத்தது. எழுந்து நின்றாள்.

'கடைச் சரக்கு, யாரோ வச்சது' என்று சொல்ல அவனுக்கு நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அடுத்தவர் சோபாக்களிலும் அவன் கைவரிசை காட்டிய காலம் உண்டு.

"என்னுதுதாங்க," என்றான். "குடிச்ச காலத்துல வச்சிருப்பேன். மறந்துபோச்சு. போறதுன்னா போங்க. பொய் சொல்லி உங்களை உட்கார வைக்க எனக்கு மனசில்ல."

அவள் அவனைப் பார்க்கவில்லை. பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா சோபாக் காலிலிருந்து கையை எடுத்தாள்.

"உக்காருடி. தம்பி, இது துணி மாத்தக் கடையில குடுத்த எங்க வீட்டு சோபா, இது எங்க நாய் கடிச்ச கால். இவ குடிய விட்ட அன்னிக்கு எல்லா பாட்டிலையும் எடுத்துக் குடுத்தா, ஒண்ணை மட்டும் எங்க வச்சேன்னே ஞாபகம் வரலைன்னு அழுதா."