ஐஸுக்குப் போட்ட உப்பு

ஓசூர்,
மார்கழி, 2006.

அன்பு மச்சான் ராமப்பனுக்கு, உன் அக்காள் புருஷன் முனிராஜ் தன் கையாலேயே எழுதுவது. இங்கே நானும் உன் அக்காள் மாதம்மாளும் மூக்கு ஒழுகுவதைத் தவிர வேறு குறை இல்லாமல் இருக்கிறோம். அங்கே ஜவளகிரியில் நீயும் தங்கச்சி பொற்கொடியும் குளிரைத் தாங்கிக்கொண்டு சுகமாக இருக்க, மலைமேல் இருக்கிற சந்திரசூடேஸ்வரரை வேண்டிக்கொள்கிறேன்.

முதல் விஷயம், இதை யாரிடமும் கெஞ்சி எழுதி வாங்கவில்லை. மத்திகிரி சாயங்கால வகுப்பில் ஆவணியில் 'அ' போட்டேன். மார்கழியில் உனக்குக் கடிதம் போடுகிறேன். ஒரு வரி முடிவதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆறட்டும். டீ நாளைக்கும் கிடைக்கும்.

இரண்டாவது விஷயம், நீ கேட்ட கம்பெனி வேலை இல்லை. பெட்டி கட்டியிருந்தால் அவிழ்த்துவிடு. காரணம் சொல்கிறேன், பொற்கொடியை நிதானமாகப் படிக்கச் சொல்.

எங்கள் கம்பெனிக்குத் தலைமை ஆபீஸ் ஐஸ் கொட்டுகிற தேசத்தில் இருக்கிறது. இங்கே கட்டடத்துக்கு வெளியே உள்ள வேலை எல்லாம் என் பொறுப்பு. கூரைத் தண்ணீர் இறங்கும் தகரக் கால்வாயில் இலை அள்ளுவது, சுவரில் பாசி சுரண்டுவது, கேட் சக்கரத்துக்கு கிரீஸ் வைப்பது. குளிர்காலத்துக்கு முன்னால் வெளியே என்னென்ன செய்யவேண்டும் என்று அங்கிருந்து வருஷா வருஷம் உத்தரவு வரும். பழைய மேனேஜர் அதைப் படித்து, சிரித்து, மேசைக்குள் போட்டுவிடுவார். இப்போது வந்திருக்கிற கமலக்கண்ணன் சார் விருதுநகர்க்காரர், பயந்த மனுஷர். அதற்கு மேல், தலைமை ஆபீஸ் அதிகாரியே நேரில் பார்க்க வருகிறார் என்று சேதி. "அவரு திருப்தியாப் போனா வெளிவேலைக்கு இன்னொரு ஆள் வாங்கித் தாரேன். உம்ம மச்சானையே போட்டுக்கலாம்" என்று எனக்கு வாக்குக் கொடுத்தார். ஆகவே உன் வேலை அந்த அதிகாரியின் முகத்தில்தான் இருந்தது.

இலை அள்ளினேன், பாசி சுரண்டினேன், கிரீஸ் வைத்தேன். மிச்சம் ஒன்று இருந்தது. நடைபாதையிலும் லாரி ஏறும் சரிவிலும் உப்புத் தூவவேண்டும், அப்போதுதான் ஐஸ் பிடிக்காது, யாரும் வழுக்கி விழமாட்டார்கள் என்று உத்தரவு. "சார், நம்மூர்ல ஐஸு பெட்டிக்கடையிலதான் இருக்குது" என்றேன். "அது எனக்குத் தெரியாதாய்யா? போடச் சொல்லியிருக்கான், போட்டு போட்டோ அனுப்பணும்" என்றார். எனக்கும் ஒரு உற்சாகம்தான், பொய் சொல்வானேன். சந்தைக்குப் போய் கல்லுப்பு மூட்டை மூட்டையாக வாங்கினேன், கடைக்காரர் "ஊறுகா கம்பெனி ஆரம்பிச்சுட்டீங்களா?" என்று கேட்டார், நான் மூட்டைகளை வண்டியில் ஏற்றி, அதிகாரி வருவதற்கு முந்தின சாயங்காலம் கேட்டிலிருந்து ஆபீஸ் படி வரைக்கும் கோலமாவு மாதிரி கைநிறைய அள்ளி அள்ளித் தூவினேன், மேனேஜர் போட்டோ எடுத்தார், என்னையும் சிரிக்கச் சொல்லி ஒன்று எடுத்தார்.

மறுநாள் காலையில் மூடுபனி, நம் கையே நமக்குத் தெரியவில்லை. முதல் ஷிப்டு பஸ்ஸுக்காக வாட்ச்மேன் கரியப்பன் கேட்டைத் திறந்து வைத்திருந்தான். நான் உள்ளே போனால் ஆளைக் காணோம், சரக் சரக் என்று சத்தம் மட்டும் கேட்கிறது. கிட்டே போய்ப் பார்த்தால் மாடு. அதற்குப் பக்கத்தில் மாடு. அதற்குப் பின்னால் எருமை. அக்கம்பக்கத்து மாடெல்லாம் தலையைத் தூக்காமல் தரையை நக்கிக்கொண்டு நிற்கின்றன. கரியப்பன் தமிழில் விரட்டினான், "ஹோகு ஹோகு" என்று கன்னடத்தில் விரட்டினான், தெலுங்கில் திட்டியும் பார்த்தான். எந்தப் பாஷைக்கும் ஒன்றும் நகரவில்லை. மாடுகளைத் தேடி வந்த பூவம்மாளிடம், "ஓட்டிட்டுப் போம்மா, பெரிய ஆபீசர் வர்றாரு" என்றேன். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "உப்பு போட்டு கூப்ட்டது நீங்கோ. வந்த மாட்டை வயிறு நெறயாம தொரத்தினா ஆகுமா?" என்றாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருந்தது. அப்போது பெங்களூர்க் கார் வந்து நின்றது. அதிகாரி இறங்கினார். மேனேஜர் மாலையோடு ஓடினார். வந்த மாடுகள் நக்கிவிட்டுச் சும்மாவா நிற்கும்? சாணி. அதில் அதிகாரி ஒரு கால் வைத்தார், அப்படியே உட்கார்ந்துவிட்டார். தூக்கப் போன மேனேஜரும் பக்கத்திலேயே உட்கார்ந்தார். வழுக்கக் கூடாது என்று போட்ட உப்பு, மச்சான். மாலையை எருமை தின்றது.

அதிகாரி என்னவோ நீளமாகப் பேசினார். மேனேஜர் அதைத் தமிழில் சொல்லவில்லை. "இன்னொரு ஆளா? உம்மையே வச்சுக்கலாமான்னு யோசிச்சுட்டிருக்கேன்" என்று மட்டும் என்னிடம் சொன்னார். அதனால் நீ வரவேண்டாம். அங்கேயே ராகியையும் மாடுகளையும் பார்த்துக்கொள். வீட்டில் அனைவருக்கும் என் ஆசியும், பெரியவர்களுக்கு என் வணக்கமும் சொல்லவும்.

இப்படிக்கு,
கையெழுத்துப் போடத் தெரிந்த
முனிராஜ்.

பின்குறிப்பு: மேலே வேலை இல்லை என்று எழுதியதை நம்பாதே. கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்றால், இவ்வளவு எழுத்தையும் கிழிக்க எனக்கு மனசு வரவில்லை. உப்பையெல்லாம் கூட்டி, தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டோம். ஆனாலும் மாடுகள் தினமும் காலையில் வந்து நிற்கின்றன. இன்றைக்கு மேனேஜர் கூப்பிட்டு, "தலைமை ஆபீஸ்ல இருந்து ஆள் போட அனுமதி வந்திருக்கு, இதுகளை அடக்கத் தெரிஞ்ச ஆள் யாராச்சும் உண்டா?" என்றார். நான் உடனே உன் பெயரைச் சொன்னேன். காக்கி உடுப்பு, பூட்ஸ், விசில் எல்லாம் உண்டு, நிரந்தர வேலை. திங்கட்கிழமை முதல் பஸ்ஸுக்கு வந்துவிடு. மாட்டுச் சகவாசமே வேண்டாம் என்றுதான் நீ கம்பெனி வேலை கேட்டாய், அதனால் என்ன வேலை என்று இப்போது எழுதாதே என்று உன் அக்காள் சொன்னாள். எழுதத் தெரிந்த பிறகு எப்படி எழுதாமல் இருப்பது?