நெட்டை போல்ட்டும் ஜெராக்ஸ் அக்காவும்

அன்னவாசல்ல ஜெராக்ஸ் அக்கா காப்பி எடுக்காத பொருள் ஒண்ணு இருக்குன்னு யாராவது சொன்னா நான் நம்ப மாட்டேன். அவங்க கடைக்கு மேல மாடியிலதான் நாங்க குடியிருந்தோம், கண்ணால பார்த்திருக்கேன். டீக்கடைக்காரர் வடையோட சைஸைக் குறைக்கிறார்னு சந்தேகம் வந்தப்ப, மிஷின் கண்ணாடி மேல பிளாஸ்டிக் தாளை விரிச்சு வடையை வச்சு ஒரு காப்பி எடுத்தாங்க. மூணு மாசம் கழிச்சு அந்தத் தாள் மேல புது வடையை வச்சு அவருக்கே காட்டினாங்க. சுத்திவர பழைய வடையோட விளிம்பு தெரிஞ்சுது. மறுநாள்லேருந்து வடை பழைய சைஸுக்கு வந்துடுச்சு.

இந்த அக்கா கையிலதான் என் மானம் ஒருநாள் மாட்டிக்கிச்சு. எங்களுது காதல் கல்யாணம். பொன்னமராவதியில இருக்கிற மாமனார், பஸ்ஸுக்குக் காத்துக்கிடக்கிற பயலுக்கா எம் பொண்ணுன்னு சொல்லி மூணு வருஷமா பேசலை. ரோஷத்துல பழைய கார் ஒண்ணு வாங்கினேன். மச்சினன் பையனுக்கு ஞாயித்துக்கிழமை காதுகுத்து, எங்களையும் வரச்சொல்லி மாமனார் ஆள் அனுப்பியிருந்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்தக் கார் ஆவியைக் கக்கிக்கிட்டு அக்கா கடை வாசல்ல நின்னுடுச்சு.

மெக்கானிக் வந்து பார்த்தார். இன்ஜின் சூடானதும் திறந்து, அதைக் குளிரவைக்கிற கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடுற தெர்மோஸ்டாட் வால்வு மூடினபடியே இறுகிப்போச்சாம். நம்ம ஊரு வெயிலுக்கு அது எதுக்கு, கழட்டி எறிஞ்சிட்டு ஓட்டுங்கன்னுட்டார். அக்காவுக்கு வந்துச்சே கோவம். காரைச் செஞ்சவன் என்ன வேலையத்துப்போயா அதை வச்சிருக்கான்னு கேட்டு அவரை அனுப்பிட்டு, சனிக்கிழமை காலையில புதுக்கோட்டை போயி புது வால்வும் கூலன்ட்டும் வாங்கிட்டு வந்தாங்க. முன்னப்பின்ன காரைத் தொட்டிருக்கீங்களான்னு மெதுவா கேட்டேன்.

"மிஷினு மிஷினுதான தம்பி. கழட்டுனதைக் கழட்டுன மாதிரியே மாட்டணும், அம்புட்டுத்தான்."

ஆறிக்கிடந்த இன்ஜின்லேருந்து பழைய கூலன்ட்டை ஒரு டப்புல வடிச்சாங்க. வால்வு மூடியில ரெண்டு போல்ட், இடப்பக்கம் நெட்டை, வலப்பக்கம் குட்டை. அதே வரிசையில ரெண்டையும் ஜெராக்ஸ் கண்ணாடியில வச்சு, உருளாம இருக்க இடது கையால அணை கட்டி, ஒரு காப்பி எடுத்தாங்க. பிறகு அந்தத் தாளைப் பார்த்தே புது வால்வை வச்சு மூடினாங்க. ஒரு போல்ட் முழுசா இறங்காம மொரண்டு பிடிச்சுது. கூலன்ட்டை ஊத்தினதும் மூடி இடுக்குலேருந்து பச்சையா வழிஞ்சுது.

பஸ்ஸுல போயி இறங்கினா தன்னோட அப்பா மூஞ்சி எப்படிப் போகும்னு என் மனைவி நடிச்சே காட்டினா. அக்கா எதையும் காதுல வாங்கலை. தாள்ல விழுந்திருந்த கைக்குப் பக்கத்துல தன் இடது கையைக் கவுத்து வச்சாங்க. கட்டைவிரல் ரெண்டும் வேற வேற பக்கம் இருந்துச்சு.

"மிஷினு கீழேருந்துல்ல பாக்குது தம்பி," ன்னாங்க. "இடது வலதா விழுந்திருக்கு. இருவது வருசமா கடை வச்சிருக்கேன், இது தோணலையே எனக்கு."

தாளைத் திருப்பி வெயிலுக்கு நேராப் பிடிச்சுப் பார்த்து, போல்ட்டை இடம் மாத்தினாங்க. ஒழுகல் நின்னுடுச்சு. கூலன்ட்டோட டிஸ்டில்டு வாட்டரைக் கலந்து நிரப்பி, ரேடியேட்டர் மூடியைத் திறந்தபடியே இன்ஜினை ஓடவிட்டு, காத்துக்குமிழி எல்லாம் அடங்குற வரைக்கும் அங்கிட்டு இங்கிட்டு நகரலை. ஃபேன் தானாச் சுத்தி தானா நின்னப்பதான் டீ குடிக்கவே போனாங்க.

மறுநாள் மாமனார் வாசல்லயே நின்னார். காரை முதல்ல பார்த்தார், என்னை அப்புறம் பார்த்தார்.

"வழியில எங்கிட்டும் நிக்கலையே?"

மூணு வருஷத்துல முதல் பேச்சு. இல்லைங்க மாமான்னேன். கோயிலுக்கு நானும் இதுலயே வாரேன்னு முன் சீட்டுல ஏறி உக்காந்தார். பின்னாடி என் மனைவி சத்தமில்லாம அழுதா.

இப்ப நாங்க சென்னையில இருக்கோம். காரை வித்தாச்சு, அக்காகிட்ட கேட்டு வாங்கின அந்தத் தாளை மட்டும் தூக்கிப்போட மனசு வரலை. ரெண்டு போல்ட்டுக்குப் பக்கத்துல அக்காவோட கை ரேகையெல்லாம் தெளிவா விழுந்திருக்கு. பீரோவைத் திறக்கும்போது எப்பவாவது அதுமேல என் வலது கையை வச்சுப் பார்ப்பேன், கட்டைவிரல் மேல கட்டைவிரல் சரியாப் பொருந்தும்.