கறுத்திருச்சா?

மகுடவர்மன் ஆண்ட வெண்பரப்பு நாட்டில் ஒரு காலத்தில் யாரும் ஆஸ்பத்திரிக்குப் போகப் பயந்ததில்லை. இப்போது சொன்னால் நம்ப மாட்டீர்கள். சில நாள் எனக்கே நம்ப முடிவதில்லை.

அங்கே கத்தி, கத்தரி, இடுக்கியெல்லாம் பெட்டியில் அடுக்கி, பெரிய கொப்பரையில் ஆவிக்கு வைப்பார்கள். பெட்டியின் அடியில் மூலிகைச் சாறு பூசிய வெள்ளைத் துணிப் பட்டை ஒன்று இருக்கும். ஆவி உள்வரைக்கும் போனால்தான் அது கறுக்கும். ஆவிக்கூடத்தின் தலைவி உலகம்மை, அறுவைக்கு முன் அந்தப் பட்டையோடு வெளியே வருவாள். "கறுத்திருச்சா?" என்று நோயாளியின் வீட்டார் கேட்பார்கள். "கறுத்திருச்சு, பாருங்க" என்று கையிலேயே கொடுப்பாள். கறுக்காவிட்டால் பெட்டி திரும்பவும் கொப்பரைக்குப் போகும், எந்தக் கொம்பனுக்கு அவசரமானாலும் சரி. அந்த ஈர ஆவியின் வாசனை பட்டாலே பாதி பயம் போய்விடும். அடடா, அது ஒரு காலம்!

பிறகு மன்னரின் பிறந்தநாளுக்கு நாற்பது நாள் தீப்பந்த ஊர்வலம் என்று முடிவாயிற்று. நாட்டின் விறகெல்லாம் அங்கே போயிற்று. ஆவிக்கூடத்துக்குக் கிடைத்தது கால்வாசி. பட்டைகள் வெள்ளையாகவே வந்தன. பெட்டிகள் திரும்பத் திரும்பக் கொப்பரைக்குப் போக, நோயாளிகளின் வரிசை கோட்டை வாசலைத் தாண்டியது.

அமைச்சர் நாவரசர் நேரில் ஆய்வுக்கு வந்தார்.

"தாமதத்துக்குக் காரணம் இந்தப் பட்டைதான். சுத்தத்தின் அடையாளம் கறுப்புதானே?"

"ஆமாங்க ஐயா" என்றாள் உலகம்மை.

"நெய்யும்போதே கறுப்பாக நெய்துவிட்டால் எல்லாப் பெட்டியும் சுத்தமாகிவிடுமே. இதுகூட உங்களுக்குத் தோன்றவில்லையா?"

"ஆவி போச்சா இல்லையான்னு அப்புறம் எப்படிங்க தெரியும்?"

"தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே இல்லாத நிலையை உருவாக்குவதுதான் நல்லாட்சி, அம்மையே."

அந்த வாரமே ஆணை வந்தது. வரிசை மறைந்தது. 'நூற்றுக்கு நூறு கறுப்பு' என்று ஆஸ்பத்திரி வாசலில் தோரணம் கட்டினார்கள்.

ஓடக்காரன் மாசிலான் காலில் ஏறிய முள்ளை எடுக்க வந்தான். எட்டாம் நாள் காய்ச்சல் கண்டது, பத்தாம் நாள் செத்துப்போனான். ஆற்றுக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று அரண்மனை விளக்கம் தந்தது. ஆற்றிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு! அவன் மனைவி பூவாயி ஆவிக்கூடத்துக்கு வந்து உலகம்மையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கறுத்திருச்சுன்னு நீங்கதானே அக்கா காட்டுனீங்க?"

 மறுநாளே உலகம்மை மிச்சமிருந்த வெள்ளைப் பட்டைகளை எடுத்து வந்து, வாசலில் நின்றவர்களுக்கெல்லாம் விஷயத்தைச் சொன்னாள். சாயங்காலத்துக்குள் அடுத்த ஆணை வந்துவிட்டது. வெள்ளைப் பட்டை வைத்திருப்பது ராஜத்துரோகம். அந்தச் சாறு காய்ச்சுகிறவர்களுக்கு நாடு கடத்தல். பட்டைகள் அத்தனையையும் முச்சந்தியில் போட்டுக் கொளுத்தினார்கள். அதற்கு மட்டும் விறகு இருந்தது.

சிம்மாசனத்தில் ஓயாமல் உட்கார்ந்ததாலோ என்னவோ, அடுத்த மாதம் மன்னரின் பின்புறத்தில் ஒரு கட்டி புறப்பட்டது. கீறாவிட்டால் உயிருக்கு ஆபத்து என்றார் வைத்தியர். மன்னரைக் குப்புறப் படுக்க வைத்தார்கள். உலகம்மை பெட்டியோடு உள்ளே வந்தாள்.

மன்னர் சிறுவயதில் இதே ஆஸ்பத்திரியில் கைமுறிவுக்குப் படுத்தவர். தன்னை அறியாமல் அந்தப் பழைய கேள்வி அவர் வாயில் வந்துவிட்டது.

"கறுத்திருச்சா?"

"கறுப்பாத்தான் இருக்கு, மகாராஜா."

மன்னருக்கு வியர்த்தது. "அதைக் கேக்கல. ஆவியில வெச்சியா?"

"வெச்சேன். எங்க வீட்டுக் கதவை உடைச்சு அடுப்பெரிச்சேன்."

"நிஜமாவா?"

"நிஜமாத்தான்."

"நான் எப்படி நம்புறது? ஒரு வெள்ளைப் பட்டை வெச்சுக் காட்டு!"

"ஒண்ணுகூட இல்லையே, மகாராஜா" என்றாள் உலகம்மை. அவளுக்கு அழுகை வந்தது. அவள் சொன்னது உண்மை. ஆனால் அதைக் காட்ட அந்த நாட்டில் எதுவுமே மிச்சமில்லை.

மன்னர் பிழைத்தாரா என்று கேட்கிறீர்கள். சிகிச்சை இனிதே முடிந்தது, மன்னர் பூரண நலம் என்று அரண்மனை அறிவிப்பு ஊரெல்லாம் ஒட்டியிருக்கிறது. நானும் போய்ப் படித்தேன். அதில் போட்டிருந்த தேதி, அறுவைக்கு முந்தின நாள்.