எதிர்வேட்பாளர் தேடும் குழு

மக்களாட்சி மாசு மருவில்லாமல் நடக்கும் இடம் எது என்று கேட்டால், மேற்கு ஓக்லஹோமாவின் டார்வி தொகுதியைத் தயங்காமல் காட்டலாம். பத்தாண்டுகளாக அங்கே சட்டமன்றத் தேர்தலில் ஒரு கள்ள ஓட்டு விழுந்ததில்லை. ஒரு செல்லாத ஓட்டு இல்லை. நல்ல ஓட்டும் இல்லை. எதிர்த்து யாரும் மனுப் போடாவிட்டால், வாக்குச்சீட்டில் பெயரே அச்சிடாமல் ஜெயித்ததாக அறிவித்துவிடுவது மாநிலச் சட்டம். அந்த வகையில் மாண்புமிகு கார்லைல் டட்டன் ஐந்து முறை "அமோக வெற்றி" பெற்றிருந்தார்.

இந்தப் பொற்காலத்தில் குறை கண்டவள் சிகையலங்காரக் கடை வைத்திருந்த வில்டா பிராக்கெட். ஊரின் ஒரே ஆம்புலன்ஸை நிறுத்தும் மசோதாவுக்கு டட்டன் கை தூக்கப் போகிறார் என்று செய்தி வந்தது. அடுத்த ஆம்புலன்ஸ் எழுபது மைல் தள்ளி. இரண்டு வருடத்துக்கு முன் அவள் கணவன் எமெட்டின் இதயம் நின்றபோது, ஒன்பது நிமிடத்தில் வந்து அவனை மீட்டது அந்த வண்டிதான்.

"கவலைப்படாத வில்டா. இனிமே நெஞ்சு வலிக்கிறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே சொல்லிடறேன்" என்றான் எமெட்.

வில்டாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் இருமினாலே அவள் கையில் கத்தரிக்கோல் நின்றுவிடும். அவ்வளவு பயம்.

காலைச் சிற்றுண்டிக் கடையில் விஷயத்தைச் சொன்னாள். எட்டுப் பேர் கொதித்தார்கள்.

"டட்டனை எதிர்த்து யாராவது நிக்கணும்" என்றார் தானியக் கிடங்கு மேலாளர் ராயல் ஹட்சல்.

"நீங்களே நில்லுங்களேன்" என்றாள் வில்டா.

"எனக்கு ஜூன்ல கோதுமை அறுவடை இருக்கே. பாதிரியார் நிக்கட்டும்."

"ஆண்டவர் இன்னும் உத்தரவு குடுக்கல" என்றார் பாதிரியார். டட்டன் தன் மனைவிக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்றார் ஒருவர். தன் முகம் போஸ்டருக்கு எடுபடாது என்றார் இன்னொருவர். வில்டாவுக்குக் கடையை விட்டுவிட்டு அலைய நேரமில்லை. ஆகவே ஒன்பது பேரும் சேர்ந்து, எதிர்வேட்பாளர் தேடும் குழு ஒன்றை அமைத்தார்கள்.

குழு என்றால் செயலாளர் வேண்டும். அங்கேதான் டார்வியின் அரசியல் உணர்ச்சி பீறிட்டது. ராயலும் போட்டியிட்டார், வில்டாவும் போட்டியிட்டாள். மூன்று வாரம் பிரச்சாரம் நடந்தது. வில்டா இலவசமாக முடி வெட்டினாள். ராயல் கடைக்குக் கடை துண்டறிக்கை கொடுத்தார். மனுத் தாக்கலின் கடைசி நாளான வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ரகசிய வாக்கெடுப்பு நடந்தது.

நாலுக்கு நாலு. ஒன்பதாவது சீட்டில் "வெல்மா" என்று எழுதியிருந்தது.

"வெல்மா எம் பொண்டாட்டி. அந்த ஓட்டு எங்க குடும்பத்துக்கு" என்றார் ராயல்.

"கோழிக் கிறுக்கல்லயும் என் பேரு தெரியுது. கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் பாருங்க" என்றாள் வில்டா.

"எழுதுனவர் யாருன்னு கேட்டுருவோமே" என்றான் எமெட்.

"ரகசிய வாக்கெடுப்புங்க. மக்களாட்சியக் கொலை பண்ணாதீங்க" என்று பாதிரியார் அதட்டினார்.

மூன்று முறை எண்ணினார்கள். சீட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். பிற்பகல் ஒரு மணிக்கு, ஐந்துக்கு நாலு என்று வில்டா வென்றதாக அறிவிக்கப்பட்டது. கைதட்டல் ஓய்ந்தபின் அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். மனுவை ஐந்து மணிக்குள் தலைநகரில் கொடுக்க வேண்டும். தலைநகர் ஐந்து மணி நேரப் பயணம்.

டட்டன் ஆறாவது முறையாக "மகத்தான வெற்றி" பெற்றார்.

திங்கட்கிழமை வில்டா அவருடைய அலுவலகத்துக்குப் போனாள். கண் கலங்கியிருந்தது.

"ஐயா, ஆம்புலன்ஸ நிறுத்தச் சொல்லி உங்களுக்கு யாரு அதிகாரம் குடுத்தா? இந்த ஊர்ல ஒருத்தர்கூட உங்களுக்கு ஓட்டுப் போட்டதில்ல."

"எதிராவும் ஒருத்தர்கூடப் போட்டதில்லையேம்மா" என்றார் டட்டன், மிகுந்த பணிவோடு. "நீங்க யாரு?"

"எதிர்வேட்பாளர் தேடும் குழுவோட செயலாளர்."

"நியமனமா?"

"இல்ல. முறையா தேர்தல் நடந்துச்சு. அஞ்சு ஓட்டு வாங்கி ஜெயிச்சேன்." அந்த நேரத்திலும் அவள் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

டட்டன் கண்ணாடியைக் கழற்றி அவளை மரியாதையோடு பார்த்தார்.

"அஞ்சா? பத்து வருஷத்துல நான் ஒரு ஓட்டு வாங்குனதில்லம்மா. இந்தத் தொகுதியில ஜனங்க ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஒரே ஆள் நீங்கதான். நிக்க வேண்டிய இடத்துல நிக்காம, எங்கிட்ட வந்து நிக்கிறீங்களே?"